புது ஈகோவுக்கு ஷோரூமில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

ராஜபாளையம் பக்கம் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய ஆம்னியைத் தள்ளிவிட்டு மாருதி ஈகோ, 6 சீட் பெட்ரோல் வண்டி எடுக்கப் போகிறாராம். ஷோரூமில் 10,000 ரூபாய் தள்ளுபடி போக வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 7,41,100 ரூபாய் ஆன்ரோடு என்று விலைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். இன்னும் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம், ரொம்பக் குறைத்துக் கேட்டால் சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது என்கிறார்.

நான் பத்து வருடம் கார் ஷோரூமில் விற்பனையில் இருந்தவன். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்பது வேண்டாம். கூச்சப்படுகிறவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்ததில்லை. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான். அதைவிடச் சந்தோஷம், "இருபதாயிரம் குறைத்தால் இப்பவே எடுக்கிறேன்" என்று ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால். அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு சீட்டில் வேறு இரண்டு இடங்களில் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் முதலில் உங்கள் சீட்டைப் பிரித்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய எண்களைக் கணக்கு வசதிக்காகக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். ஷோரூம் விலை 6,00,000. வரியும் பதிவும் 84,000. இன்சூரன்ஸ் 38,500. கூடுதல் வாரண்டி 9,000. எசென்ஷியல் கிட் 12,500. ஹேண்ட்லிங் சார்ஜ் 6,500. ஃபாஸ்டேக் 600. கூட்டிப் பத்தாயிரத்தைக் கழித்தால் 7,41,100.

இதில் எல்லாரும் பேரம் பேசுவது முதல் வரியான ஷோரூம் விலையில். அந்த வரியில்தான் டீலரிடம் சரக்கு குறைவு. இந்தியாவில் கார் டீலருக்குக் கிடைக்கும் மார்ஜின் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் என்று டீலர்கள் சங்கமே பல வருடமாகப் புலம்பி வருகிறது. ஆறு லட்சம் வண்டியில் அது 18,000 முதல் 30,000 ரூபாய். கடை வாடகை, ஆட்கள் சம்பளம், யார்டில் நிற்கும் வண்டிக்கு வட்டி எல்லாம் அதற்குள். வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதே டீலர் கம்பெனிக்குப் பணம் கட்டியாக வேண்டும், பெரும்பாலும் அது வங்கிக் கடன். பத்து சதவீத வட்டி என்று வைத்தால் ஈகோ போன்ற ஒரு வண்டி ஒரு மாதம் சும்மா நின்றால் நாலாயிரத்துக்கு மேல் போய்விடும். ஆகவே ஷோரூம் விலையில் அறுபதாயிரம் குறைக்கச் சொன்னால், கம்பெனியே அப்படி ஒரு ஆஃபர் விட்டிருந்தால் ஒழிய, டீலரால் முடியாது. அது நடிப்பில்லை.

இரண்டு மூன்று ஷோரூம் ஏறி இறங்கினால் எல்லா இடத்திலும் அதே பத்தாயிரம்தான் சொல்வார்கள். இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் டீலர்கள் தள்ளுபடி தரக்கூடாது என்று கட்டுப்படுத்தியது, வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பி வேவு பார்த்தது, மீறிய டீலருக்கு அபராதம் போட்டது என்பதெல்லாம் ஆணையத்தின் முடிவு. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது, அபராதத்துக்குத் தடையும் வாங்கியது. வழக்கு எப்படியோ போகட்டும். ரொக்கமாகக் கேட்டால் 'முடியாது சார்' என்று சொல்லும் அதே ஆள், சீட் கவரும் மேட்டும் ஸ்பீக்கரும் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். கடைக்காரருக்கு அதன் அடக்க விலை நீங்கள் நினைப்பதில் பாதிதான் இருக்கும், கொடுக்க மனசு வரும். ஈகோவில் சீட் கவரும் பாட்டுப் பெட்டியும் எப்படியும் நீங்கள் போடப் போவதுதானே.

அடுத்தது வரி. இங்கே பேரம் கிடையாது, சரிபார்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சொந்த உபயோகக் கார்களுக்கு ஆயுள் வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆறு லட்சத்துக்கு 13 சதவீதம் என்றால் 78,000. பதிவுக் கட்டணம், ஆர்சி அட்டை, சாலைப் பாதுகாப்பு வரி எல்லாம் சேர்த்தால் இன்னும் மூவாயிரம் சொச்சம். கடன் போட்டு எடுத்தால் ஹைபோதிகேஷன் (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) பதிய 1,500. நீங்கள் கைக்காசில் எடுப்பதாகச் சொன்னீர்கள், ஆகவே 81,000 பக்கம்தான் வர வேண்டும். சீட்டில் 84,000. அந்த மூவாயிரத்துக்குப் பெயர் 'ஆர்டிஓ செலவு'. நானும் பல வருடம் எழுதியிருக்கிறேன். "அரசு ரசீது எவ்வளவோ அவ்வளவு தருகிறேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ரசீது அரசின் பரிவாஹன் தளத்திலேயே வரும் என்பது அவருக்கும் தெரியும்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டிப்போ சார்ஜ், இப்படிப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு வண்டி வந்து சேரும் செலவு ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. "இதற்குத் தனியாக பில் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டாலே பாதி இடத்தில் அந்த வரி காணாமல் போய்விடும். 6,500 மிச்சம்.

இப்போது இன்சூரன்ஸ். சீட்டிலேயே அதிகம் ஊதிக் கிடக்கும் இடம் இதுதான், ஆகவே இங்கே நிதானமாக உட்காருங்கள்.

புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு) மூன்று வருடத்துக்கு மொத்தமாக எடுக்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் இதுதான் நடைமுறை. ஈகோவின் இன்ஜின் 1197 சிசி. 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு 2022-ல் நிர்ணயித்த மூன்று வருடத் தொகை 10,640 ரூபாய். இது எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே விலைதான். வித்தியாசம் எல்லாம் சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான். புது வண்டியின் காப்பீட்டு மதிப்பு ஷோரூம் விலையில் 95 சதவீதம், அதாவது 5,70,000. பெருநகரம் அல்லாத ஊரில் பழைய டாரிஃப் வீதம் 3.2 சதவீதத்தை ஒட்டி வரும், ஆகவே சுமார் 18,000. இந்தப் பதினெட்டாயிரத்தில் காப்பீட்டுக் கம்பெனிகள் பாதிக்கு மேல்கூடத் தள்ளுபடி தருகின்றன. அந்தத் தள்ளுபடியை உங்களுக்குக் காட்டுவதா, கமிஷனாக வைத்துக்கொள்வதா என்பதில்தான் டீலரின் சாமர்த்தியம்.

பாதித் தள்ளுபடி என்று வைத்தால் 9,000. அதோடு 10,640. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் சேர்க்கை) சேர்த்தால் ஏறக்குறைய மூவாயிரம், ஓட்டுநர் விபத்துக் காப்பீடு ஒரு சில நூறு. இதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 27,000 சொச்சம். உங்கள் சீட்டில் 38,500. பதினோராயிரம் வித்தியாசம், ஷோரூமில் கொடுத்த தள்ளுபடியைவிட அதிகம்! அந்த 38,500-க்குள் என்னென்ன அடைத்திருக்கிறார்கள் என்று பிரிவு வாரியாகக் கேளுங்கள். சொந்தச் சேதப் பகுதியையும் மூன்று வருடத்துக்குப் போட்டிருக்கலாம், அது கட்டாயமில்லை, ஒரு வருடம் போதும். ஓட்டுநர் விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்கு ஏற்கெனவே உங்கள் பெயரில் இருந்தால் இன்னொன்று தேவையில்லை.

"அண்ணாச்சி, வெளியே இன்சூரன்ஸ் எடுத்தா நம்ம ஒர்க்‌ஷாப்ல கேஷ்லெஸ் கிடைக்காது" என்பார்கள். பழுதுக்கான பணத்தைக் காப்பீட்டுக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் கிடைப்பது அந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் அந்த ஒர்க்‌ஷாப்பும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது, பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்தது அல்ல. எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் டீலர்களுக்கு 2017-லேயே போட்ட விதி. ஆனாலும் என் யோசனை, வெளியே ஓடிப்போய் எடுக்காதீர்கள். ஆன்லைனில் அதே மதிப்பு, அதே சேர்க்கைகளுடன் ஒரு விலை எடுத்து அதைப் போனில் காட்டுங்கள். பெரும்பாலும் அந்த விலைக்கு இறங்கி வந்துவிடுவார்கள். வந்தால் அவர்களிடமே எடுங்கள். நாளைக்கு பம்பர் நசுங்கினால் அதே ஆளிடம்தான் போய் நிற்கப் போகிறோம்.

கூடுதல் வாரண்டி கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2024 ஜூலையிலிருந்து மாருதியின் அடிப்படை வாரண்டியே 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். அது முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிக்கலாம், தாமதித்தால் விலை கொஞ்சம் ஏறும். முதல் நாளே கட்டு என்று அவசரப்படுத்த ஒன்றுமில்லை. எசென்ஷியல் கிட்டில் மேட், மட் ஃபிளாப் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விடுங்கள். அடிப்பகுதி கோட்டிங், டெஃப்லான் பாலிஷ் இரண்டும் ஷோரூமுக்குத்தான் அதிகம் மினுங்கும்.

கூட்டிப் பாருங்கள். ஆர்டிஓ செலவில் மூவாயிரம், ஹேண்ட்லிங் 6,500, இன்சூரன்ஸில் பதினோராயிரம், கிட்டில் ஒன்பதாயிரம், வாரண்டி ஒன்பதாயிரம். 38,500 ஆகிறது. 7,41,100 என்பது 7,02,600-க்கு வந்துவிட்டது. இவ்வளவுக்கும் ஷோரூம் விலையில் ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் குறைக்கச் சொல்லவில்லை. அதைக் கேட்பது இதற்குப் பிறகு.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியது. நாலு மீட்டருக்குள் இருக்கும், 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் வண்டிகளுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆனது. ஈகோ அதில் அடங்கும். தெரிந்தவர்கள் "நான் போன வருடம் இவ்வளவுக்கு வாங்கினேன்" என்று சொல்லும் விலையை வைத்து இன்றைய விலையை எடை போடாதீர்கள். கம்பெனியின் தளத்தில் உங்கள் ஊருக்கான விலையைப் பார்த்துக்கொண்டு போங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டியாக இருந்தால் ஒரு சதவீதம் டிசிஎஸ் என்று விற்பவரே பிடித்துக் கட்டும் ஒரு வரி வரும், அது வருமான வரியில் கழித்துக்கொள்ளக் கூடியது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, சீட்டில் அப்படி ஒரு வரி இருந்தால் அது தப்பு.

போட்டி விலை வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ராஜபாளையத்தில் ஒன்று, சிவகாசியில் ஒன்று, தென்காசியில் ஒன்று என்று மூன்று சீட்டு வாங்கி ஒப்பிடுவார்கள். மூன்றும் ஒரே முதலாளியின் கிளைகளாக இருக்கலாம், பெயர்ப் பலகையை வைத்துச் சொல்ல முடியாது. சீட்டில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். ஒரே எண் என்றால் ஒரே ஆள். நீங்கள் வெளியே வந்ததும் அடுத்த கிளைக்குப் போன் போயிருக்கும். வேறு எண் உள்ள டீலரிடம் ஒன்று வாங்குங்கள், மதுரையோ திருநெல்வேலியோ போனாலும் பரவாயில்லை. நேரில் போகாமல் போனில் பேசி, வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பச் சொன்னாலும் அனுப்புவார்கள்.

காலம் பார்த்து வாங்குவது பற்றி. மற்ற ஊர்களில் மாதக் கடைசி, வருடக் கடைசி என்பார்கள், அது நம் ஊருக்கும் பொருந்தும். டீலருக்கு மாதா மாதம் ஒரு டார்கெட், அதைத் தாண்டினால் கம்பெனி ஒரு தொகை தரும். தாண்ட இரண்டு வண்டி குறைகிறது, தேதி 29 என்றால் அந்த இரண்டு வண்டி எடுப்பவர்களுக்கு யோகம். ஆனால் நம் பக்கத்தில் ஆடியும் மார்கழியும் வேறு இருக்கிறதே. ஆடியில் ஷோரூமில் ஈ ஓட்டுவோம். பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் கொஞ்சம் கூட்டம். ஆயுத பூஜை, தீபாவளிக்கு வந்து குறைக்கச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மார்கழியில் இரட்டை லாபம் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. வாங்க ஆளில்லை, அதே நேரத்தில் அந்த வருடத்து வண்டிகளைத் தீர்த்தாக வேண்டும். ஜனவரியில் பெரும்பாலும் கம்பெனிகள் விலையை ஏற்றும். அதனால் டிசம்பர் கடைசியில் நல்ல விலை கிடைக்கும். வீட்டில் பெரியவர்கள் மார்கழியில் வண்டி எடுக்கக் கூடாது என்றால், பில் டிசம்பரில் போட்டுவிட்டு வண்டியைத் தை பிறந்ததும் எடுக்கலாம். ஆஃபர் பில் தேதியைப் பார்த்துத்தான், புக்கிங் தேதியைப் பார்த்து இல்லை. சிக்கல் என்னவென்றால், ஆர்சியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சாகும். நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். நீங்கள் ஆம்னியைப் போலவே இதையும் பன்னிரண்டு வருடம் ஓட்டித் தேய்க்கப் போகிறவர் என்றால் கவலையே படாதீர்கள், பழைய வருட வண்டியை நல்ல தள்ளுபடிக்கு எடுங்கள். நாலு வருடத்தில் மாற்றுகிறவர் அந்தத் தள்ளுபடி எதிர்கால நஷ்டத்துக்கு ஈடாகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆம்னியைப் பற்றி ஒரு வார்த்தை. புது வண்டி விலையை முடித்து எழுதி வாங்கும்வரை பழைய வண்டி இருப்பதையே சொல்லாதீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் இங்கே ஐயாயிரம் கொடுத்து அங்கே பதினைந்தாயிரம் எடுப்பது எங்களுக்குக் கைவந்த கலை. எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பது கம்பெனி தருவது, அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம். அதைக் காட்டிவிட்டு வண்டி மதிப்பை அதே அளவு இறக்கிவிடுவார்கள். முதலில் உள்ளூர் புரோக்கரிடம் காட்டி ஒரு விலை கேட்டு வையுங்கள். ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது, ஆனாலும் ஓடும் நிலையில் இருக்கும் ஆம்னிக்கு நம் பக்கம் இன்றும் ஆள் இருக்கிறது. யாரிடம் கொடுத்தாலும் டெலிவரி நோட்டில் தேதியும் நேரமும் போட்டு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பெயர் மாற்றும்வரை அந்த வண்டி உங்கள் தலையில்தான்.

கைக்காசு என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒருவேளை மனசு மாறிக் கடன் போட்டால், "5.5 சதவீதம்தான் சார்" என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது பிளாட் வட்டியாக, அதாவது கட்டக் கட்டக் குறையாமல் முழுக் கடனுக்கும் போடும் வட்டியாக இருந்தால், 5 லட்சத்துக்கு ஐந்து வருடம் மாதம் 10,625 வரும். குறைந்துவரும் கணக்கில் அது 10 சதவீத வட்டிக்குச் சமம். 2024 அக்டோபரிலிருந்து கார் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதில் உண்மையான ஆண்டு வட்டி இருக்கும், அந்த ஒரு எண்ணை மட்டும் உங்கள் வங்கி சொல்வதோடு ஒப்பிடுங்கள்.

பேசும் முறைக்கு வருகிறேன், உங்கள் கூச்சம் அங்கேதான். பகல் பதினொரு மணிக்கு, கூட்டமில்லாத நாளில், வீட்டுக்காரம்மாவையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் "வாங்கிடலாமே" என்றால் இன்னொருவர் "போயிட்டு வருவோம்" என்று சொல்ல வேண்டும். அதிர்ந்து பேச வேண்டாம். சீட்டில் ஒவ்வொரு வரியாகப் பேனாவை வைத்து "இது என்ன தம்பி?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை சும்மா இருங்கள். விற்பனைப் பையனிடம் அதிகாரம் கிடையாது. "மேனேஜர்ட்ட கேட்டுட்டு வாரேன் அண்ணாச்சி" என்று உள்ளே போய் டீ குடித்துவிட்டு வருவான். இரண்டாவது தடவை போகும்போது நீங்களும் கூடவே எழுந்து போய் மேனேஜரைப் பாருங்கள். சீட்டின் மற்ற வரிகள் எல்லாம் முடிந்தபிறகு கடைசியாக ஷோரூம் விலைக்கு வாருங்கள். "இந்த மாதம் பில் போட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு ஐந்தாயிரமும் சீட் கவரும்" என்று கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கிடைத்தாலும் கிடைக்கும்.

ஒத்துக்கொண்டதை எல்லாம் புக்கிங் பாரத்தில் எழுதச் சொல்லுங்கள், சீட் கவர் உட்பட. புக்கிங் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். டெலிவரி நாளன்று விலை ஏறினால் யார் கணக்கு என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். பொதுவாக உங்கள் கணக்குத்தான்.

முழுப் பணம் கட்டுவதற்கு முன், பதிவுக்குப் போவதற்கு முன், வண்டியை யார்டிலேயே போய்ப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், ஒரு பழகிய மெக்கானிக்கோடு. சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுங்கள், பில்லில் வருவது அதே எண்ணா என்று பார்க்க வேண்டும். பல கம்பெனிகளில் அந்த எண்ணின் பத்தாவது எழுத்து வருடத்தைச் சொல்லும், 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். டயரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நாலு டயரும் ஒரு காலத்தில் இருந்து, ஸ்டெப்னி மட்டும் தாத்தா காலத்தில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கிலோமீட்டர் நூறைத் தாண்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்லைடிங் கதவை இரண்டு பக்கமும் பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள், அண்டாவும் குண்டானும் அதன் வழியாகத்தானே ஏறி இறங்கப் போகிறது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், வெள்ளை போர்டு வண்டியில் உங்கள் ஆட்களைத்தான் ஏற்றலாம், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் வாடகைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள், விபத்து நடந்தால் இவ்வளவு பேசி எடுத்த இன்சூரன்ஸ் கை கொடுக்காது. இரண்டாவது சாவி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் கையில் வாங்கிய பிறகு எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வையுங்கள்.